ஓடாத வாகனத்துக்கும் ஒரு கடிதம் வேண்டும்

இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த குடும்பங்களிடம் உங்களுக்கு என்ன சொத்து உண்டு என்று கேட்டால் காணி, வீடு, மாடு, நகை என்று சொல்வார்கள். வாகனத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் இருந்து கதைத்தால்தான் அது வெளியே வரும். ஊரில் மாமரத்தின் கீழே தறப்பாள் போட்டு மூடிய லான்ட்மாஸ்டர் ஒன்று நிற்கும். வெள்ளவத்தையில் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இரண்டு வருடமாக அசையாத மோட்டார் சைக்கிள் நிற்கும். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ரயர் காற்றிறங்கிய முச்சக்கரவண்டி நிற்கும். "அது ஓடுறேல்லைத்தானே பாதர், பிறகு ஏன் அதுக்கு இன்சூரன்ஸ்?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. மற்றப் பாதி தெரியாததால் பணத்தை இழந்தவர்களும், சிலவேளை வாகனத்தையே இழந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே முற்றத்தில் நிற்பதை இரும்பு என்று எண்ணிவிட வேண்டாம். பல குடும்பங்களுக்குத் திரும்பக் கமம் தொடங்குவதற்கான முதல் அதுதான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி, மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் வீதியில் வாகனத்தைப் பாவிப்பது குற்றம். சொந்தக்காரர் தாம் பாவிக்காமல் வேறொருவர் பாவிக்க இடம்கொடுப்பதும் குற்றம்தான். மூன்றாந்தரப்பு என்றால் யார்? நமது வாகனத்தால் அடிபடும் வெளியாள். வீதியில் நடந்துபோன பிள்ளையோ சைக்கிளில் வந்த கூலித்தொழிலாளியோ அடிபட்டால் அவருக்குரிய நட்டஈட்டைக் கம்பனி கொடுக்கும். நமது வாகனத்துக்கு அந்தக் காப்புறுதி ஒரு சதமும் தராது. இது பலருக்குத் தெரியாது. மூன்றாந்தரப்பு மட்டும் போட்டுவிட்டு, ரக்ரர் எரிந்தபோது கம்பனிப் படியேறி வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு.

சட்டம் பேசுவது வீதியைப் பற்றி. ஆகவே வேலிக்குள், பூட்டிய கேற்றுக்குள், உங்கள் சொந்த வளவில் உண்மையாகவே ஓடாமல் நிற்கும் வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி எடுக்கும்படி நமது சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நான் மேலே சொன்ன பாதி நியாயம் இதுதான்.

ஒழுங்கையும் வீதிதான்

இங்கேதான் கொழும்பில் உள்ளவர்கள் தவறுகிறார்கள். ஊரில் ஆளுக்கொரு வளவு இருந்தது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருபது குடும்பங்களுக்கு ஆறு வாகனம் விட இடம் இருக்கும். மிச்சம் எல்லாம் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் நிற்கும். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் போனால் மதிலோடு ஒட்டி நிற்கும் வாகனங்களைக் காணலாம். "வீட்டு வாசலிலேதான் நிக்குது" என்று சொல்வோம். ஆனால் அந்த வாசல் பொதுமக்கள் நடக்கும் வழி. அங்கே நிற்கும் வாகனம் வீதியில் நிற்கும் வாகனம்.

ஓடினால்தானே பாவிப்பது, நின்றால் எப்படிப் பாவிப்பதாகும் என்று கேட்கலாம். இதே கேள்வி இங்கிலாந்தில் 1959இல் மேல்நீதிமன்றம் வரை போயிற்று. ஒருவருடைய கார் அவர் வீட்டுக்கு முன்னால் வீதியில் பழுதாகி நின்றுவிட்டது. அவர் சில்லுகளை ஜக் வைத்து உயர்த்தினார், பற்றறியைக் கழற்றினார், காப்புறுதியையும் நிறுத்தினார். சில கிழமைகள் கழித்துக் காரைத் துடைத்து, வேறு பற்றறி வைத்து, சில்லுகளைக் கீழே இறக்கினார். இயந்திரம் அப்போதும் வேலை செய்யவில்லை. ஆனாலும் காப்புறுதி இல்லாமல் வீதியில் வாகனத்தைப் பாவித்தார் என்று அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். இயந்திரம் ஓடாவிட்டாலும் அந்தக் கார் தள்ளினால் உருளும், உருண்டால் ஒருவரை அடிக்கும். அப்படியான நிலையில் அதை வீதியில் வைத்திருப்பதே பாவிப்பதுதான் என்பது தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு இங்குள்ள நீதவானைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நமது மோட்டார் சட்டம் ஆங்கிலச் சட்டத்தின் சாயலில் பிறந்தது. "நிக்கிற வண்டிதானே" என்ற வாதத்தை நம்பி நீதிமன்றத்துக்குப் போவது புத்தியல்ல.

ஆகவே ஒழுங்கையில் நிற்கும் வாகனத்துக்குக் குறைந்தது மூன்றாந்தரப்புக் காப்புறுதியாவது இருக்கட்டும். மோட்டார் சைக்கிளுக்கோ முச்சக்கரவண்டிக்கோ அது முழுக் காப்புறுதியைவிட எவ்வளவோ குறைவு. அதுவும் கட்ட வசதியில்லை என்றால் உறவினர் யாருடையதாவது வளவுக்குள் கொண்டுபோய் விடுங்கள். கொண்டுபோகிற அன்றைக்குக் காப்புறுதி உயிரோடு இருக்க வேண்டும். காப்புறுதி முடிந்தபின் கயிறு கட்டி இழுத்துப் போவதும் வீதியில் போவதுதான்.

வருமான அனுமதிப்பத்திரம் வேறு கணக்கு

காப்புறுதி வேறு, வருடாவருடம் கண்ணாடியில் ஒட்டும் வருமான அனுமதிப்பத்திரம் வேறு. நம்மவர் இரண்டையும் சேர்த்து 'லைசன்ஸ்' என்று சொல்லிக் குழம்பிக்கொள்கிறார்கள். காப்புறுதியைக் கம்பனி தருகிறது. அனுமதிப்பத்திரத்தை மாகாண சபையின் சார்பில் பிரதேச செயலகம் தருகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு இந்த வருமானம் மாகாணங்களுக்குரியது. ஆதலால் கட்டணம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடலாம். காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஆகையால் ஒன்றை விட்டால் மற்றதும் தானாக நின்றுவிடும்.

வாகனம் ஓடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அயலவருக்கும் தெரியும். பிரதேச செயலகத்துக்குத் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுடைய பதிவில் அந்த வாகனம் வரி கட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வருடம் கழித்துத் திருத்தியெடுத்து ஓடலாம் என்று போகும்போது, அந்த மூன்று வருடத்து நிலுவையையும் தண்டத்தையும் கட்டச் சொல்வார்கள். அப்போது முகத்தைச் சுளித்துப் பயனில்லை. இதற்காகவே வாகனத்தைப் பாவிக்கவில்லை என்று எழுத்தில் அறிவிக்கும் வழி சட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அலுவலகங்களில் அதை 'நொன் யூசர்' என்று சொல்வார்கள், நீங்களும் அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். இருக்கும் அனுமதிப்பத்திரம் முடியுமுன்னர் போய், அதற்குரிய படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள். ஒருமுறை கொடுத்தால் எப்போதைக்கும் போதும் என்று இருந்துவிடாமல், அடுத்த வருடமும் ஓடாவிட்டால் மறுபடியும் போங்கள். அறிவித்தபின் வண்டியை வீதிக்கு இறக்கக்கூடாது. சந்தைக்கு ஒரு நடை என்றாலும்தான்.

வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது, கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. வாகனம் வடக்கிலோ கிழக்கிலோ நின்றால் எந்த மாகாணத்தில் கடைசியாக அனுமதிப்பத்திரம் எடுத்தீர்களோ அங்கே முதலில் விசாரியுங்கள். கொழும்பிலிருந்து ஒரு பஸ் பயணம் வீணாகாமல் இருக்க, ஊரிலுள்ள கிராம சேவையாளரிடம் வாகனம் ஓடாமல் நிற்கிறது என்று ஒரு கடிதம் கேட்டு எடுத்து வைப்பதும் நல்லது.

பிள்ளைகள் லண்டனில் இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு உடனே விளங்கும். பிரித்தானியாவில் 1998 முதல் வாகனத்தை வீதியிலிருந்து எடுப்பவர் அதை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். 2011 ஜூன் முதல் அங்கே விதி இன்னும் இறுகிவிட்டது. ஒரு வாகனம் காப்புறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும், அல்லது வீதியில் இல்லை என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கார் வீட்டு முற்றத்தில் நின்றாலும் தண்டம். அங்கே கணினி இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்து வீட்டுக்குக் கடிதம் அனுப்பிவிடும். இங்கே அப்படி ஒரு கடிதத்தை எதிர்பார்த்து இருக்க முடியாது. நிலுவை சத்தமில்லாமல் ஏறும். எனக்குக் கேட்டால், தண்டக் கடிதம் வரும் நாட்டில் இருப்பவன் ஒரு வகையில் கொடுத்துவைத்தவன்.

காப்புறுதியை விட்டால் எதை விடுகிறோம்?

போர்க்காலத்தை நினைத்துப் பார்ப்போம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், டீசல், பற்றறி எதுவும் வர விடப்படவில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. மற்றவை கட்டையில் ஏற்றப்பட்டு, தென்னோலையால் மூடப்பட்டு நின்றன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழும்பிப் போனபோது நின்ற வாகனங்கள் நின்றபடியே விடப்பட்டன. 2009இல் வன்னியில் மறுபடியும் அதே கதை. திரும்பிப் போய் "இது என்னுடையது" என்று சொல்ல வந்தபோது, சேலைத் தலைப்பில் முடிந்து பதிவுப் புத்தகத்தைக் கொண்டுபோனவர்களுக்குத்தான் வழி இலகுவாக இருந்தது. அந்தப் புத்தகம் தொலைந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியோடு நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப்பிரதிக்கு விண்ணப்பியுங்கள். இயந்திர இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அதற்குச் செலவில்லை.

யுத்தத்தால் வந்த சேதத்தைச் சாதாரண மோட்டார் காப்புறுதி ஏற்காது. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு இந்த நாட்டில் தனியாக மேலதிகப் பணம் கட்டிக் காப்புறுதியோடு சேர்க்க வேண்டும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வாகனங்களைக் கண்ணால் கண்டவர்கள் இதை விளங்கிக்கொள்வார்கள். அப்போது எரிந்தவற்றில் ஓடிக்கொண்டிருந்தவை மாத்திரமல்ல, முற்றத்தில் நின்றவையும் அடங்கும்.

நிற்கும் வாகனத்துக்கு விபத்து நேராது என்பது உண்மையல்ல. களவு போகும். பற்றறியும் ரயரும் தனித்தனியாகப் போகும். மின்னொழுக்கில் தீப்பிடிக்கும், மரம் விழும், வெள்ளம் ஏறும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் மூழ்கிய வாகனங்கள் எல்லாம் அந்த நேரம் ஓடிக்கொண்டா இருந்தன? முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் வாகனம் ஓடவில்லை என்ற காரணத்துக்காக அதைச் சும்மா காலாவதியாக விட்டுவிடும்போது இழப்பது இந்தப் பாதுகாப்பை. கம்பனியிடம் போய், வாகனம் இத்தனை மாதம் வீதிக்கு வராது, தீ, களவு, வெள்ளம் மட்டும் வைத்துக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். நாம் கேட்டால்தான் பதில் வரும். இது புதிதாக நான் கண்டுபிடித்த யோசனை அல்ல. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் மோட்டார் காப்புறுதிக் கட்டணக் கோவையில், கராஜில் நிறுத்திவைத்த வாகனங்களுக்கென்றே தனி விதிகள் எழுதப்பட்டிருந்தன.

காப்புறுதியை நடுவில் நிறுத்துவதானால் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்து, மிச்சக் காலத்துக்கு எவ்வளவு பணம் திரும்பும் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் சரியாகத் திரும்பும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம் வரும், கம்பனிகள் குறுகிய காலத்துக்குக் கூடிய விகிதத்தில் அறவிடும் வழக்கம் உண்டு. வருடக்கணக்கில் நட்டஈடு கேட்காமல் சேர்த்த கழிவு, அதாவது 'நோ கிளெய்ம் போனஸ்', இடைவெளி நீண்டால் போய்விடும். இந்தியாவில் காப்புறுதி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது இல்லாமற்போகிறது. உங்கள் கம்பனி எத்தனை நாள் பொறுக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

லீசிங்கில் எடுத்த வாகனமானால் மேலே சொன்ன எந்தச் சலுகையையும் நீங்களாகத் தீர்மானிக்க முடியாது. கடைசித் தவணை கட்டும்வரை வாகனத்தின் உரிமை லீசிங் கம்பனியிடம் இருக்கிறது. வாகனம் ஓடினாலும் நின்றாலும் முழுக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். நாங்கள் கையெழுத்து மட்டும் போட்டிருப்போம். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்துப்போய் முச்சக்கரவண்டியை மூலையில் விட்டவர்கள், ஓடாததற்கு ஏன் கட்ட வேண்டும் என்று காப்புறுதியையும் விட்டார்கள். தவணை பிந்தியதோடு காப்புறுதியும் இல்லை என்றானபோது வண்டியைச் சீஸ் பண்ண வந்தவர்களுக்கு இரண்டு காரணம் கிடைத்தது. ஒப்பந்தத்தை எடுத்து, தமிழில் இல்லாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்து, காப்புறுதி பற்றிய பந்தியைக் கண்டுபிடியுங்கள். வாகனம் ஓடவில்லை என்றால் லீசிங் கம்பனிக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்.

வளவுக்குள் நடக்கும் விபத்து

கமக்காரருக்கு இன்னொரு கேள்வி உண்டு. லான்ட்மாஸ்டர் வீதிக்கே வருவதில்லை. வயலுக்குள் உழுகிறது, பட்டி மாட்டி நீர் இறைக்கிறது, சூடடிக்கிறது. அங்கே ஒருவர் அடிபட்டால்?

இது ஐரோப்பாவிலேயே பெரிய வழக்காகியிருக்கிறது. ஸ்லோவேனியாவில் 2007 ஓகஸ்டில் ஒரு பண்ணையில், பெட்டி பூட்டிய ரக்ரர் வைக்கோற் களஞ்சியத்துக்குள் பின்னுக்கு வந்தபோது ஏணியில் நின்ற வேலையாளைத் தட்டி விழுத்தியது. அது வீதியில் நடந்த விபத்தல்ல என்று கம்பனி கையை விரித்தது. 2014 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், வாகனம் வாகனமாகப் பாவிக்கப்பட்டதால் தனியார் காணி என்றாலும் கட்டாயக் காப்புறுதிக்குள் அடங்கும் என்று சொன்னது. போர்த்துக்கலில் 2006இல் திராட்சைத் தோட்டமொன்றில் களைநாசினி அடிக்கும் பம்பை இயக்குவதற்காக நின்ற நிலையில் இயங்கிய ரக்ரர், மண் சரிந்து உருண்டு ஒரு பெண் தொழிலாளியைக் கொன்றது. 2017இல் அதே நீதிமன்றம், அந்த நேரம் ரக்ரர் வாகனமாக அல்ல, இயந்திரமாக வேலை செய்தது, ஆகவே அது கட்டாயக் காப்புறுதிக்குள் வராது என்றது. எனக்கு அந்த இரண்டாம் தீர்ப்பு மனதுக்கு ஒவ்வவில்லை. இறந்த பெண்ணுக்கு அது ரக்ரரா பம்பா என்பதில் என்ன வித்தியாசம்?

நமது சட்டம் வீதியையே பேசுவதால், வயலுக்குள் நடக்கும் விபத்துக்குச் சாதாரண மூன்றாந்தரப்புக் காப்புறுதி கைகொடுக்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம். நட்டஈட்டைச் சொந்தக்காரரிடமே கேட்பார்கள். காணியை விற்றுக் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். கூலிக்கு ஆள் பிடித்து ரக்ரர் வேலை செய்பவர்கள், வயல் வேலையையும் உள்ளடக்கும் காப்புறுதி உண்டா என்று கம்பனியிடம் கேட்க வேண்டும்.

போர்த்துக்கலின் இன்னொரு வழக்கு நம் எல்லோருக்கும் பொருந்தும். உடல்நலக் குறைவால் கார் ஓட்டுவதை நிறுத்திய ஒரு பெண்மணி அதை வீட்டு முற்றத்தில் விட்டிருந்தார். பாவனையிலிருந்து நீக்கியதாக அறிவிக்கவில்லை, காப்புறுதியும் இல்லை. 2006 நவம்பரில் மகன் கேளாமல் அதை எடுத்துக்கொண்டு போய் விபத்தில் தானும் இறந்து, கூடப் போன இருவரும் இறந்தார்கள். நட்டஈடாக 4 இலட்சம் யூரோவுக்கு மேல் செலுத்திய அரச நிதியம் அந்தப் பணத்தைத் தாயிடம் கேட்டு வழக்குப் போட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. ஓடக்கூடிய நிலையில், பதிவில் இருக்கும் கார் முற்றத்தில் நின்றாலும் காப்புறுதி அவசியமாக இருந்தது என்று 2018இல் பதில் வந்தது. இலங்கைச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் திறப்பு ஆணியில் தொங்கினால் மருமகனோ அயல் வீட்டுப் பெடியனோ ஒருநாள் எடுப்பான். வாகனத்தை நிறுத்துவதென்றால் திறப்பை நீங்கள் வைத்திருங்கள், பற்றறியைக் கழற்றுங்கள்.

'திறந்த பேப்பரில்' விற்றவர்களும் அவதானமாக இருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் காசை வாங்கி வாகனத்தைக் கொடுத்திருந்தால் திணைக்களத்தின் பதிவில் சொந்தக்காரர் இன்னமும் நீங்கள்தான். வாங்கியவர் காப்புறுதி இல்லாமல் ஓடி ஒருவரை அடித்தால் பொலிஸ் முதலில் வருவது உங்கள் முகவரிக்கு. நீங்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டீர்கள் என்பதும் அந்தப் பதிவில் இருக்காது. ஆகவே பழைய முகவரிக்கு அழைப்பாணை போய், நீங்கள் அறியாமலே பிடியாணை பிறக்கவும் கூடும்.

கடைசியாக, நின்ற வாகனத்தை மறுபடி ஓட்டப்போகிறவர்களுக்கு ஒரு விடயம். அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்பதால் பலர் முதலில் புகைப் பரிசோதனைக்கு ஓடுகிறார்கள், வந்தபின் காப்புறுதி போடலாம் என்று. வீட்டிலிருந்து பரிசோதனை நிலையத்துக்குப் போகும் அந்த இரண்டு மைலும் வீதிதான். இரண்டு வருடம் நின்ற வாகனத்தின் பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கராஜ்காரரை வளவுக்குக் கூப்பிட்டுப் பிரேக்கைப் பார்ப்பியுங்கள். பிறகு காப்புறுதியைப் போட்டுச் சான்றிதழைக் கையில் எடுங்கள். இடைக்காலத்தில் வீதியில் ஓட்டிப் பரிசோதனைக்குப் போகலாமா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, 'நொன் யூசர்' பிரதியையும் நிலுவை உண்டா என்ற கேள்வியையும் அதே நாளில் தீர்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு திறப்பைப் போடுங்கள்.